குளிர்நீரில் ஒரு சிட்டிகை முடி

அமெரிக்காவின் டென்னசி, கென்டக்கி மாநில எல்லையில் டேல் ஹாலோ என்றொரு நீர்த்தேக்கம் இருக்கிறது. ஓபி ஆற்றின் குறுக்கே கட்டப்பட்டு 1943இல் முடிந்த அணை. மலைகளுக்கு நடுவே ஆழமாகவும் தெளிவாகவும் கிடக்கும் அந்த நீரில் 1955 ஜூலையில் பிடிபட்ட ஸ்மால்மவுத் பாஸ் மீனின் எடை 11 பவுண்டு 15 அவுன்ஸ், அதாவது சுமார் 5.4 கிலோ. அந்த இனத்தில் உலகச் சாதனை இன்றும் அதுதான். சாதனை மீன் கோடையில் கிடைத்தது என்றாலும், அந்த வட்டாரத்துத் தூண்டில்காரர்களில் ஒரு சாரார் பெரிய பாஸைத் தேடிப் போவது ஜனவரியிலும் பிப்ரவரியிலும். நீரின் வெப்பம் 10 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கிய பிறகு, மற்றவர்கள் படகைத் தார்ப்பாய் போட்டு மூடிவைத்த பிறகு, இவர்கள் கிளம்புவார்கள். கொண்டுபோவது 1.8 கிராம் ஈயமும் அதன் பின்னால் கட்டிய ஒரு சிட்டிகை முடியும்.

முடி ஜிக் என்பது இதுதான். காதுப் பக்கத்துத் தண்டு மேல்நோக்கி வளைந்த தூண்டில் முள்ளை அச்சில் வைத்து, வளைவின்மேல் ஈயத்தை உருக்கி ஊற்றித் தலையாக்குவார்கள். தலைக்குப் பின்னால் ஈயத்திலேயே சிறு கழுத்து ஒன்று இருக்கும். மான்வால் முடி, வான்கோழித் தூவி, முயல் ரோமம், நரி ரோமம், செயற்கை ரோமம் இவற்றில் ஏதாவது ஒன்றை அந்தக் கழுத்தைச் சுற்றி நூலால் கட்டினால் ஜிக் தயார். கண் எழுதுவதும் செதில் வரைவதும் கட்டுபவரின் ஆசை. முள்ளில் ரோமத்தைக் கட்டி மீனை ஏமாற்றும் வழக்கம் மிகப் பழையது. மாசிடோனியாவில் ஓர் ஆற்றங்கரையில் செந்நிறக் கம்பளியும் சேவல் இறகும் சுற்றிய முள்ளால் மீன் பிடித்தவர்களைப் பற்றி, ஏறத்தாழ 1,800 ஆண்டுகளுக்கு முன்பு ஏலியன் என்ற ரோமானியர் எழுதிவைத்திருக்கிறார். ஜிக்கில் புதிதாகச் சேர்ந்தது ஈயத்தலை. அது ரோமத்தை அடியாழம்வரை கொண்டுபோகிறது.

டென்னசிக் குளிர்கால முறை விசித்திரமானது. தூண்டில் நரம்பின் நுனியில் ஜிக்; அதற்கு எட்டடி முதல் பதினான்கடி மேலே ஒரு தக்கை. இவ்வளவு நீள நரம்பு தக்கைக்குக் கீழே தொங்கினால் சாதாரணக் கோலால் வீச முடியாது. எட்டடிக்கும் மேலான, நன்றாக வளைந்துகொடுக்கும் கோல் வேண்டும். வீசியபின் ஜிக் இறங்கும்வரை காத்திருந்து கோல் நுனியை லேசாக நடுங்கவிடுவார்கள். தக்கை இருந்த இடத்திலேயே ஆடும். பிறகு சும்மா உட்கார்ந்திருப்பார்கள். காற்றடித்துச் சிற்றலை எழும் நாளில் கோலைக்கூட அசைக்கத் தேவையில்லை. தக்கையை அலை ஆட்டும், ஜிக்கைத் தக்கை ஆட்டும். பார்ப்பவருக்கு இது சோம்பேறிகளின் மீன்பிடிப்பாகத் தோன்றலாம். உள்ளே நடப்பது வேறு.

மீனின் உடல்வெப்பம் நீரின் வெப்பத்தோடு ஏறி இறங்கும். உடம்புக்குள் நடக்கும் வேதிவினைகளின் வேகமும் கூடவே ஏறி இறங்கும். பத்து டிகிரி குறைந்தால் வளர்சிதை மாற்றம் ஏறத்தாழப் பாதியாகும் என்பது உயிரியலில் பொதுவாகச் சொல்லும் கணக்கு. அப்படிப் பார்த்தால், 25 டிகிரியில் துள்ளித் திரிந்த பாஸ் 7 டிகிரியில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான வேகத்தில்தான் வாழ்கிறது. பசி குறைவு, செரிமானம் மெது. துரத்துவதற்கு ஆகும் செலவைத் திருப்பித் தராத இரையை அது ஏறெடுத்தும் பார்க்காது. இதே நேரத்தில் அந்த நீர்த்தேக்கங்களில் இன்னொன்றும் நடக்கிறது. மத்தி, நெத்திலி ஆகியவற்றுக்கு உறவான திரெட்ஃபின் ஷாட் என்ற சிறுமீன், தெற்கத்திய வெம்மைக்குப் பழகியது. நீர் 7 டிகிரியை நெருங்கினால் தடுமாறும். இன்னும் ஓரிரு டிகிரி இறங்கினால் கூட்டம் கூட்டமாகச் சாகும். சாகும் ஷாட் நீந்துவதில்லை. நடுநீரில் தொங்கும், ஒருமுறை துடிக்கும், கொஞ்சம் சரியும், மறுபடி அசையாமல் நிற்கும். பாஸுக்கு இதைவிடச் செலவில்லாத சாப்பாடு கிடையாது.

ஆகவே ஜிக் கட்டுபவர் செய்ய வேண்டியது, நகராமல் நிற்கும்போதும் உயிரோடிருப்பதுபோல் தெரியும் ஒரு பொருளை. சுழலும் தகடும் வாலாட்டும் மரமீனும் இழுத்தால்தான் வேலை செய்யும். மென்பிளாஸ்டிக் இரைகள் பாலிவினைல் குளோரைடில் இளக்கும் திரவம் சேர்த்து வார்த்தவை. கோடையில் வழுவழுப்பாக நெளியும், குளிரில் விறைக்கும். முடிக்கு அந்தக் குறை இல்லை. ஏன் இல்லை என்பதில்தான் இந்தக் கைத்தொழிலின் அறிவியல் முழுவதும் அடங்கியிருக்கிறது.

முடியும் இறகும் கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனவை. உலர்ந்த கெரட்டின் விறைப்பானது. நீரில் ஊறும்போது தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை நீரை இழுத்துக்கொள்ளும். புரதச் சங்கிலிகளைப் பிணைத்திருந்த ஹைட்ரஜன் பிணைப்புகள் பல, நீர் மூலக்கூறுகள் நடுவே நுழைவதால் விட்டுப்போகும், முடி இளகிவிடும். தலைகுளித்த முடியைச் சீப்பால் படியவைப்பது எளிதாக இருப்பதற்கும் இதுவே காரணம். பிளாஸ்டிக் இரை குளிரில் இழக்கும் நெகிழ்வை, முடி நீரிலிருந்தே பெறுகிறது.

இளகுவது பாதிக் கதைதான். மீதி, தடிமனில் இருக்கிறது. ஓர் இழையின் வளைவு எதிர்ப்பு அதன் விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. விட்டம் பாதியானால் விறைப்பு பதினாறில் ஒரு பங்காகும். 0.1 மில்லிமீட்டர் தடிமனுள்ள முடியையும், அதில் ஐந்தில் ஒரு பங்கான 0.02 மில்லிமீட்டர் இழையையும் எடுத்துக்கொள்வோம். மெல்லியது 625 மடங்கு எளிதில் வளையும். அதன்மேல் நீர் தரும் இழுவிசையும் அதே அளவு குறைந்துவிட்டால் பயனில்லை. ஆனால் அப்படிக் குறைவதில்லை.

நீரில் ஒரு பொருள் நகரும்போது, நீரின் நிலைமமும் பாகுநிலையும் போட்டிபோடுகின்றன. இந்தப் போட்டியின் விகிதத்தை ரெனால்டு எண் என்பார்கள். ஒரு சாண் நீள மீன் சாதாரணமாக நீந்தும்போது அந்த எண் ஒரு லட்சத்தை ஒட்டியிருக்கும். பாகுநிலைக்கு அங்கே பெரிய பங்கு இல்லை. நொடிக்கு 10 சென்டிமீட்டர் வேகத்தில் நீர் கடந்துபோகும் 0.1 மில்லிமீட்டர் முடிக்கு அது வெறும் 10. மெல்லிய இழைக்கு 2. இந்த அளவில் நீர் வழுக்கிப் போவதில்லை; இழையைப் பிடித்துக்கொண்டு கூடவே இழுக்கும். விட்டம் ஐந்தில் ஒன்றாகச் சுருங்கினாலும் இழுவிசை பாதி அளவுக்குத்தான் குறையும். வளைக்கும் விசை பாதி, வளைவதற்கான எதிர்ப்பு 625இல் ஒன்று. அலை தக்கையை ஒரு விரற்கடை உயர்த்தினால் போதும், கீழே தூவியின் ஒவ்வோர் இழையும் அதற்குப் பதில் சொல்லும். குளிரும் இதற்குத் துணை செய்கிறது: 5 டிகிரி நீரின் பாகுநிலை 25 டிகிரி நீரினதைவிட ஏறத்தாழ 1.7 மடங்கு. மீனை மந்தமாக்கும் அதே குளிர், முடியின்மேல் நீரின் பிடியை இறுக்குகிறது.

அப்படியானால் கிடைப்பதிலேயே மெல்லியதைக் கட்டிவிட்டால் வேலை முடிந்ததா? முடியாது. விறைப்பே இல்லாத இழைகள் இழுத்தவுடன் ஒன்றோடொன்று ஒட்டிப் பின்னால் படிந்துவிடும். நிறுத்தினாலும் விரிந்தெழ அவற்றுக்குத் திராணி இல்லை. கொஞ்சம் விறைப்புள்ள முடி, இழுக்கும்போது படிந்து நிறுத்தியதும் நிமிரும். ஜிக் மூச்சு விடுகிறது என்று தூண்டில்காரர்கள் சொல்வது இந்தப் படிதலையும் நிமிர்தலையும்தான். எந்தப் பொருளை எங்கே கட்டுவது என்பது இந்த இரண்டு குணங்களுக்கும் இடையே பேசி முடிக்கும் பேரம்.

அமெரிக்காவில் அதிகம் புழங்குவது வெண்வால் மானின் வால்முடி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேட்டையால் அருகிப்போன இந்த மான், பாதுகாப்புச் சட்டங்களால் மீண்டு இன்று ஏறத்தாழ 3 கோடி என்ற அளவில் பெருகிவிட்டது; சட்டப்படி நடக்கும் பருவ வேட்டையில் வால்கள் மிச்சப்பொருளாகக் கிடைக்கின்றன. இந்த மானின் உடல்முடிக்குள் காற்றறைகள் நிறைய உண்டு. குளிரைத் தாங்க அது உதவும். நூலால் இறுக்கினால் காற்றறைகள் நசுங்கி முடி பூப்போல விரியும், நீரில் மிதக்கும். மிதக்கும் இரை செய்ய அது நல்லது, ஜிக்குக்கு ஆகாது. வால்முடி அப்படியல்ல. வாலின் அடிப்பாகத்தில் வளரும் முடியில் மட்டும் காற்றறைகள் ஓரளவு பெரிதாக இருக்கும், நுனிப்பக்கம் போகப்போகத் திண்மை கூடும். ஒரே வாலின் அடிமுடி விரிந்து நிற்க, நுனிமுடி படிந்து கிடக்கும். கைதேர்ந்தவர்கள் ஒரு வாலைக் கையில் எடுத்ததும் எந்தப் பகுதியை எந்த ஜிக்குக்கு என்று மனதிலேயே பங்கு போட்டுவிடுவார்கள்.

வான்கோழித் தூவியின் கதை வேறு. சாதாரண இறகில் கிளையிழைகள் நுண்கொக்கிகளால் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு தட்டையான தகடாக நிற்கும். பறக்கத் தேவையான அமைப்பு அது. உடலை ஒட்டிய தூவியில் கொக்கிகள் இல்லை. இழைகள் தனித்தனியே அலையும். மராபு என்று கடைகளில் விற்கும் இந்தத் தூவி, தொடக்கத்தில் ஆப்பிரிக்க மராபு நாரையிடமிருந்து வந்தது. இந்தியப் பெருநாரையின் தூவியும் கல்கத்தா வழியாக ஐரோப்பியச் சீமாட்டிகளின் தொப்பிகளுக்குக் கப்பலேறியது. இப்போது அந்தப் பெயரில் கிடைப்பது வான்கோழி. நீருக்கு வெளியே எடுத்தால் மராபு ஜிக் நனைந்த கந்தல் போல இருக்கும். காற்றில் நீரின் பரப்பு இழுவிசை இழைகளை ஒட்டவைத்துவிடுகிறது. நீருக்குள் நீர்ப்பரப்பே இல்லாததால் அவை விரிந்துவிடும். எனவே கட்டி முடித்த ஜிக்கைக் கையில் வைத்துப் பார்த்து அழகு சொல்பவரை நம்ப வேண்டாம். ஒரு கண்ணாடிக் குவளை நீரில் போட்டுப் பாருங்கள்.

இனி கட்டும் வேலை. முள்ளின் வளைவை வைஸ் என்னும் பிடிகருவியில் இறுக்கி, ஈயக் கழுத்தின்மேல் முதலில் வெறும் நூலைச் சுற்ற வேண்டும். ஈயம் வழுக்கும், நூலின்மேல் நூல் பிடிக்கும். மெழுகு தடவிய நூல் இன்னும் நன்று. வாலிலிருந்து தீக்குச்சித் தடிமனுக்கு ஒரு கற்றையை வெட்டி, அடிமுனையைப் பிடித்துக்கொண்டு சீவினால் குட்டை முடிகளும் பஞ்சும் உதிரும். இதைச் செய்யாமல் கட்டினால் அந்தப் பஞ்சு இழைகளுக்கு நடுவே அடைத்துக்கொண்டு நீரை உள்ளே விடாது. கற்றையைக் கழுத்தின்மேல் வைத்து, விரலால் அழுத்திப் பிடித்து, முதல் இரண்டு சுற்றுகளைத் தளர்வாகப் போட வேண்டும். மூன்றாவதில்தான் இழுப்பு. எடுத்த எடுப்பிலேயே இறுக்கினால் நூலின் இழுப்பு முடியைத் தண்டைச் சுற்றி உருட்டிக்கொண்டு போய்விடும். புதிதாகக் கட்டுபவர்கள் எல்லோருடைய ஜிக்கிலும் முடி ஒரு பக்கமாகவே ஒதுங்கியிருப்பது இதனால்தான்.

எத்தனை சுற்று வேண்டும்? கப்பல் துறையில் முரட்டு வடத்தைக் கம்பத்தில் சில சுற்றுகள் சுற்றிவிட்டு ஒற்றை ஆள் கையில் பிடித்துக்கொண்டு நிற்பதற்குப் பின்னால் உள்ள இயற்பியலே இங்கும் செயல்படுகிறது. சுற்றுகள் கூடும்போது உராய்வின் பிடி கூட்டலில் வளராமல் பெருக்கலில் வளர்கிறது. உராய்வுக் கெழு 0.2 என்று வைத்தால், ஒரு சுற்று நுனியில் பிடிக்கும் விசையை 3.5 மடங்காக்கும். மூன்று சுற்று 43 மடங்கு. ஐந்து சுற்று 500 மடங்குக்கும் மேல். ஆகவே ஒவ்வொரு கற்றைக்கும் ஐந்தாறு இறுக்கமான சுற்றுகளே தாராளம். இருபது முப்பது என்று சுற்றுகிறவர்கள் பிடியைக் கூட்டவில்லை, கழுத்தைத் தடிப்பாக்குகிறார்கள். கடைசியில் நூலின் நுனியை அதன் சொந்தச் சுற்றுகளுக்கு அடியிலேயே நான்கைந்து முறை புதைத்து இழுத்து, வார்னிஷ் ஒரு சொட்டு விட்டால் முடிந்தது. நெயில் பாலிஷும் போதும்.

கத்தரிக்கோல் முடியின் அடிமுனையை மட்டுமே தொடலாம். இந்த ஒரு விதியை மீறுவதால் கெட்டுப்போகும் ஜிக்குகள் ஏராளம். இயற்கை முடி நுனியை நோக்கிக் கூராகச் சிறுக்கிறது. விட்டத்தின் நான்காம் அடுக்கு என்ற கணக்கை இங்கே பொருத்திப் பாருங்கள்: நுனியில் தடிமன் மூன்றில் ஒன்றானால் அங்கே விறைப்பு 81இல் ஒன்று. அடி நிற்க, நடு அசைய, நுனி துடிக்கும். ஓர் இழையிலேயே பல வேகங்கள். நுனியை நேராக நறுக்கிவிட்டால் அந்தத் துடிப்பு போய்விடும், தூரிகை ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டதுபோல் ஆகிவிடும். நீளம் அதிகம் என்று தோன்றினால் நீண்ட முடிகளை விரலால் உருவி எடுக்க வேண்டும், அல்லது கற்றையை முன்னால் தள்ளிக் கட்டி அடியை வெட்ட வேண்டும். முள்ளின் நீளத்தைப்போல் இருமடங்குக்கு மேல் போனால் முடி முள்ளின் வளைவில் சுற்றிக்கொள்ளும் தொல்லையும் உண்டு.

முடி அதிகமாகக் கட்டுவது இன்னொரு பெரும்பிழை. அடர்த்தியான கற்றைக்குள் நீர் புகுவதில்லை. பாகுநிலை ஆளும் அளவில், நெருங்கிய இழைகளுக்கு நடுவே உள்ள நீர் அவற்றோடு சேர்ந்தே நகரும்; மொத்தக் கற்றையும் ஒற்றைக் கட்டையாகிவிடும். இடைவெளி விட்டால்தான் ஒவ்வோர் இழையும் தனியாக அசையும். அதோடு, முடி கூடினால் வீழ்வேகம் குறையும். நீர் இழுக்கும் பரப்பு நான்கு மடங்கானால் ஜிக் இறங்கும் வேகம் பாதியாகும். சில நேரம் இது வேண்டியும் செய்வார்கள். ஆனால் விற்பனைக்கு வைத்திருக்கும் ஜிக்குகள் பெரும்பாலும் புசுபுசுவென்று இருப்பதற்கு மீன் காரணமில்லை. வாங்குபவரின் கண்ணுக்கு அதுதான் மலிவில் நிறையக் கிடைத்ததுபோல் தெரிகிறது.

தக்கைக்குக் கீழே தொங்கும் ஜிக் கிடைமட்டமாக நிற்க வேண்டும் என்பது இன்னொரு நுட்பம். சாகும் ஷாட் தலைகீழாகத் தொங்குவதில்லை. முள்ளின் காது ஜிக்கின் ஈர்ப்பு மையத்துக்கு நேர் மேலே இருந்தால்தான் இந்தச் சமநிலை கிடைக்கும்; அதனால்தான் காதைச் செங்குத்தாக வளைத்து வார்க்கிறார்கள். காது சரியாக அமைந்தாலும் முடிச்சு முன்னால் நழுவினால் ஜிக் வாலைத் தொங்கப்போடும். விவரம் தெரிந்தவர்கள் ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் முடிச்சை நகத்தால் தள்ளி நேராக்கிவிட்டுத்தான் அடுத்த வீச்சுக்குப் போவார்கள்.

மீனின் பக்கம் போவோம். தெளிந்த நீரில் பாஸ் இரையைக் கண்ணால்தான் கண்டுபிடிக்கிறது. நெருங்கியபின் வேறொரு புலன் சேர்ந்துகொள்கிறது: செவுளிலிருந்து வால்வரை ஓடும் பக்கக்கோடு. அதில் வரிசையாக நுண்ணிய உணர்மொட்டுகள். ஒவ்வொன்றிலும் கூழ்போன்ற குமிழுக்குள் மயிரிழை நீட்டிய செல்கள். நீர் அசைந்தால் குமிழ் சாயும், இழை வளையும், நரம்பில் செய்தி ஓடும். நம் உட்செவியில் ஒலியை உணர்வதும் இதே குடும்பத்துச் செல்கள்தான். தோலின்மேல் துருத்தி நிற்கும் மொட்டுகள் நீரோட்டத்தின் வேகத்தையும், தோலுக்கடியில் குழாய்களுக்குள் இருப்பவை வேகத்தின் மாற்றத்தையும் உணர்கின்றன. இதன் எல்லை குறுகியது, மீனின் உடல்நீளத்தைப்போல் ஒன்றிரண்டு மடங்கு. மஸ்கலஞ்ச் என்ற பெரிய வேட்டைமீனை வைத்து 2001இல் வெளியான ஓர் ஆய்வு, நெருங்கும் கட்டத்தில் கண்ணும் கடைசிப் பாய்ச்சலில் பக்கக்கோடும் முக்கியமாக வேலை செய்வதைக் காட்டியது. கண் மறைக்கப்பட்ட மீன்கூட அருகில் வந்த இரையைப் பக்கக்கோட்டின் துணையால் பிடித்தது.

பாஸ் இரையைக் கடித்துப் பிடிப்பதைவிட உறிஞ்சிப் பிடிப்பதுதான் அதிகம். வாய்க்குழி நொடியின் நூறில் சில பங்கு நேரத்தில் விரியும். நீர் உள்ளே பாயும். இரை நீரோடு போகும். இந்த உறிஞ்சலின் வலு வாய்க்கு வெளியே சட்டென்று விழுந்துவிடுகிறது. வாயகலத் தூரத்துக்கு அப்பால் அதற்குப் பெரிய பலனில்லை. எனவே குறைந்த எடையும் நிறைந்த இழுவிசையும் உள்ள பொருள்தான் எளிதில் உள்ளே போகும். 1.8 கிராம் ஈயமும் விரிந்த முடியும் சேர்ந்த ஜிக் அந்த இலக்கணத்துக்குப் பொருந்துகிறது. கனத்த ஈயத்தில் இதே முடியைக் கட்டினால் மந்தமான குளிர்கால மீனின் அரைமனது உறிஞ்சலுக்கு அது அசையாது. தூண்டில்காரர் அதை மீன் கொத்திவிட்டுத் தப்பியதாகக் கணக்கு எழுதுவார்.

நிறத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கடைகளில் நூறு நிறம் இருக்கும். நீர் சிவப்பை முதலில் விழுங்குவதால் ஆழத்தில் சிவப்பு ஜிக் கருமையாகத்தான் தெரியும். வெள்ளையும் சாம்பலும் ஷாட்டின் நிறம். அவை போதும் என்பது என் கட்சி.

ஈயத்தைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. கன சென்டிமீட்டருக்கு 11.3 கிராம் அடர்த்தி, 327 டிகிரியில் உருகும் எளிமை, குறைந்த விலை. இந்த மூன்றும் ஒரே உலோகத்தில் சேர்ந்தது ஜிக் கட்டுபவர்களின் அதிர்ஷ்டம், நீர்ப்பறவைகளின் கேடு. லூன் என்ற முக்குளிக்கும் பறவை, உணவை அரைக்க உதவும் கூழாங்கற்களை விழுங்கும் வழக்கமுடையது. ஈயக்குண்டையும், சில நேரம் ஜிக் மாட்டிய மீனையும் சேர்த்து விழுங்கிவிடுகிறது. அரைவைப்பையில் கல்லோடு உராய்ந்தும் அமிலத்தில் கரைந்தும் ஈயம் இரத்தத்தில் ஏறும். ஒரே ஒரு சிறு ஜிக் ஒரு லூனைக் கொல்லப் போதும். நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் ஓர் அவுன்ஸும் அதற்குக் குறைவுமான ஈய ஜிக்குகளையும் குண்டுகளையும் விற்பதையும் பயன்படுத்துவதையும் 2016 முதல் தடைசெய்தது. அதற்கு வெகுமுன்பே, அன்னப்பறவைகள் ஈயத்தால் சாவதைக் கண்ட பிரிட்டன் 1987இல் தூண்டில் ஈயக்குண்டுகளில் பெரும்பாலானவற்றை விலக்கிவிட்டது.

மாற்றாக வந்தவற்றில் டங்ஸ்டன் அடர்த்தி 19.3. அதே எடைக்குத் தலை பருமனில் பாதியை விடச் சற்றே பெரிது, வேகமாக இறங்கும். ஆனால் அதன் உருகுநிலை 3,400 டிகிரிக்கு மேல் என்பதால் வீட்டில் வார்க்க முடியாது, விலையும் அதிகம். பிஸ்மத்தும் வெள்ளீயமும் கலந்த உலோகத்தை எளிதில் வார்க்கலாம். அதில் ஒரு பொறி இருக்கிறது. சரியான விகிதத்தில் இந்தக் கலவை 138 டிகிரியிலேயே உருகும். ஜிக் தலைக்குத் தூள் வர்ணம் பூசி அடுப்பில் சுமார் 175 டிகிரியில் வைத்து இறுகச் செய்வது வழக்கம். ஈயத்தலை அதைத் தாங்கும், இந்தக் கலவைத்தலை அடுப்புக்குள்ளேயே உருகி வழிந்துவிடும். அதற்குக் காற்றில் உலரும் வர்ணம்தான்.

தென்னிந்தியாவுக்கும் இந்தக் கலைக்கும் பழைய தொடர்பு ஒன்று உண்டு. மேற்குத்தொடர்ச்சி மலைக் காடுகளில் வாழும் சாம்பல் காட்டுக்கோழியின் கழுத்திறகில் மெழுகு பூசியதுபோல் பளபளக்கும் புள்ளிகள் இருக்கும். பிரிட்டனில் சால்மன் மீனுக்கான செயற்கை ஈ கட்டுபவர்கள் அந்தப் புள்ளிகளைக் கண்ணாக வைத்துக் கட்டினார்கள். அதற்காகக் காட்டுக்கோழிகள் பெருமளவில் பிடிக்கப்பட்டு இறகுகள் ஏற்றுமதியாயின. பின்னாளில் இந்தியா அந்த ஏற்றுமதியைத் தடைசெய்தது.

இதைப் படித்துவிட்டுக் கட்டிப் பார்க்க ஆசைப்படும் தமிழ்நாட்டு வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. மான் முடியைத் தேடிப் போக வேண்டாம். புள்ளிமானும் கடமானும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருபவை. அவற்றின் உடற்பாகங்களை வைத்திருப்பதும் குற்றம். கீரி முடியில் செய்த ஓவியத் தூரிகை விற்றதற்கே ஆட்கள் கைதாகியிருக்கிறார்கள். ஆட்டு முடி, கன்றின் வால்முடி, நாட்டுச்சேவலின் கழுத்திறகு இவை மூன்றும் ஜிக் கட்ட நன்றாகவே உதவும், சட்டச் சிக்கலும் இல்லை. ஈயத்தை வீட்டுச் சமையலறையில் உருக்காதீர்கள். அந்தப் புகையும் தூசும் குழந்தைகளுக்கு நஞ்சு. பிளவுள்ள ஈயக்குண்டை நரம்பில் வைத்துப் பல்லால் கடித்து இறுக்கும் பழக்கமிருந்தால் இன்றோடு விட்டுவிட்டு ஒரு குறடு வாங்கிக்கொள்ளுங்கள். ஈயத்தைத் தொட்ட கையைக் கழுவாமல் சோற்றில் கைவைக்காதீர்கள்.